சஸ்பென்ஷனுக்கு காசு கொட்டுறதுக்கு முன்னாடி ஒரு ஷாக் பம்ப் வாங்குங்க

கோயம்புத்தூர்ல சைக்கிள் சர்வீஸ் பண்ற எங்கிட்ட வர்ற மவுண்டன் பைக் பசங்க அடிக்கடி கேக்குறது, "அண்ணா, 170 எம்எம் ஃபோர்க் மாத்திட்டா கல்லு, வேருல எல்லாம் பயமில்லாம இறங்கலாமா?" ஃபோர்க்னா முன் சக்கரத்த பிடிச்சிருக்குற, உள்ள காத்து அடைச்ச சஸ்பென்ஷன், 170 எம்எம்ங்கிறது அது அமுங்குற தூரம், அதான் டிராவல். நான் திருப்பி கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், இப்ப இருக்குற ஃபோர்க்ல சேக் எவ்ளோ வச்சிருக்க தம்பி? பெரும்பாலும் பதில் வராது. டெலிவரி எடுத்தப்ப கடைல அடிச்ச காத்துலயே வருஷக்கணக்கா ஓட்டிட்டு இருப்பாங்க, 60 கிலோ ஆளுக்கும் அதே காத்து 95 கிலோ ஆளுக்கும் அதே காத்துன்னா எந்த ஃபோர்க்கும் ஒழுங்கா வேலை செய்யாதுங்க.

நீங்க சைக்கிள் மேல ஏறுனதும் உங்க வெயிட்டுக்கு சஸ்பென்ஷன் எவ்ளோ இறங்குதோ அதான் சேக். ஹெல்மெட், ஷூ, தண்ணி பேக் எல்லாம் மாட்டிக்கிட்டு, ஒருத்தர பிடிச்சுக்க சொல்லி, பெடல்ல எழுந்து நின்னு, ஃபோர்க் குழாய்ல இருக்குற ரப்பர் வளையத்த (ஓ-ரிங்) சீல் வரைக்கும் தள்ளிவிட்டு, அசைக்காம மெதுவா இறங்கி அது எவ்ளோ நகந்திருக்குன்னு பாருங்க. மொத்த டிராவல்ல முன்னாடி 15லருந்து 20 சதவீதம், பின்னாடி 25லருந்து 30 சதவீதம். 150 எம்எம் ஃபோர்க்னா 30 எம்எம் வரைக்கும் ஓகே. பின்னாடி மட்டும் வீல் டிராவல வச்சு கணக்கு போடாதீங்க, ஷாக் ஸ்ட்ரோக்க, அதாவது பின்னாடி ஷாக் அமுங்குற தூரத்த வச்சு போடணும், 55 எம்எம் ஸ்ட்ரோக்குக்கு 30 சதவீதம்னா 16.5 எம்எம்தான். காத்து அடிக்க சஸ்பென்ஷனுக்குன்னே உள்ள ஷாக் பம்ப் மட்டும்தான், டயர் பம்ப் வேண்டாம். அடிச்சதுக்கு அப்புறம் பத்து தடவ நல்லா அமுக்கி விட்டு மறுபடி பாருங்க, உள்ள எதிர்ப்பக்கம் இருக்குற நெகட்டிவ் சேம்பர்ங்கிற காத்து அறைக்கும் காத்து போகணும்ல.

அடுத்தது ரீபவுண்ட், அதாவது அமுங்குன சஸ்பென்ஷன் திரும்ப எந்திரிக்கிற வேகம், டயல திருப்பி மாத்தலாம். இத நெறைய பேரு தொடுறதே இல்ல. ரொம்ப ஸ்லோவா வச்சா அடுத்தடுத்து வேர் வர்ற எடத்துல ஃபோர்க் முழுசா எந்திரிக்கிறதுக்குள்ள அடுத்த அடி விழுந்துரும், முன்பக்கம் தாழ்ந்துகிட்டே போகும், செங்குத்தான எறக்கத்துல அதுதான் ஆள தூக்கி முன்னாடி போடும். ரொம்ப ஃபாஸ்ட்டா வச்சா டயர் தரைய விட்டு எகிறும், கிரிப் போயிரும். ரெண்டு ரெண்டு கிளிக்கா மாத்தி ஒரே எறக்கத்துல திரும்பத் திரும்ப ஓட்டிப் பாத்துதான் கண்டுபிடிக்கணும்.

இப்ப நம்ம ஊருக்காரங்க கட்டாயம் தெரிஞ்சுக்க வேண்டியது. கோவை சுமார் 400 மீட்டர், ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல. இங்க 35 டிகிரி வெயில்ல 80 பிஎஸ்ஐ அடிச்ச ஃபோர்க், அங்க 15 டிகிரி குளிர்ல ஆறு பிஎஸ்ஐ போல கொறஞ்சிரும். வெளிக்காத்து அழுத்தம் கொறையிறதுல கேஜ்ல கொஞ்சம் திரும்ப ஏறும், அதனால வீட்ல எடுத்த நம்பர அங்க நம்பாதீங்க. இது போக, ஃபோர்க்கோட கீழ் வெளிக்குழாய் (கீழ் லெக்) உள்ள மாட்டிக்கிட்ட காத்து மேல போகப் போக ஃபோர்க்க டைட்டாக்கும், டிராவல் முழுசா வராது. 2021 மாடல்லருந்து வந்த ஃபாக்ஸ் 36 ஃபோர்க் பலதுல இதுக்குன்னே பின்னாடி பட்டன் இருக்கு, பாதை ஆரம்பிக்கிற எடத்துல ஒரு அமுக்கு போதும். மத்த ஃபோர்க்ல மெல்லிசான ஜிப் டைய சீலுக்குள்ள பக்குவமா விட்டு காத்த எடுக்கலாம், ஸ்க்ரூடிரைவர் மட்டும் வேண்டவே வேண்டாம், சீல் கிழியும், உள்ள ஏறி எறங்குற பளபளப்பான குழாய்ல (ஸ்டாங்ஷன்) கோடு விழும்.

சரி, வாங்குறதப் பத்தி. டெக்னிக்கல் ட்ரெயிலுக்கு 130லருந்து 150 எம்எம் நல்ல அளவு, ஏறவும் வேணுமே. பட்ஜெட் கம்மின்னா வெல மலிஞ்ச ஃபுல் சஸ்பென்ஷன விட ரீபவுண்ட் டயல் உள்ள ஏர் ஃபோர்க் போட்ட ஹார்ட்டெயில், அதாவது முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன் இருக்குற சைக்கிள், எவ்வளவோ மேல். வெறும் ஸ்பிரிங் மட்டும் இருந்து ரீபவுண்ட் கன்ட்ரோலே இல்லாத ஃபோர்க்க எடுத்துட்டு படி மாதிரி திடீர்னு தாழுற பெரிய டிராப்ல தயவுசெஞ்சு எறங்காதீங்க. ஃபோர்க்க 20 எம்எம் நீளமாக்கினா முன்பக்கம் ஃபோர்க் சாஞ்சிருக்குற கோணம் (ஹெட் ஆங்கிள்) கிட்டத்தட்ட ஒரு டிகிரி படுத்துக்கும், பெடல் சுத்துற எடம் (பாட்டம் பிராக்கெட்) ஏறும், ஃபோர்க் மாட்டுற ஃப்ரேம் குழாய்ல (ஹெட் ட்யூப்) லோடு கூடும், அதனால ஃப்ரேம் கம்பெனி சொன்ன லிமிட்ட தாண்டவே கூடாது, வெல்டிங்ல கிராக் விட்டா பல்லு போறதோட நிக்காது.

சர்வீஸும் இதோட சேந்ததுதான். ஃபோர்க் கம்பெனி ராக்ஷாக்ஸ் கீழ் லெக் சர்வீஸுக்கு சொல்றது 50 மணி நேர ஓட்டம், மழைக்காலத்துல செம்மண் சேத்துல ஓட்றவங்க அதுக்கும் முன்னாடியே ஆயில மாத்திருங்க.