61-வது நாளில் மனு போடுங்கள்

போன வாரமும் ஒரு அம்மா வந்தார். மகன் மீது திருட்டு வழக்கு. ரிமாண்ட் ஆகி, அதாவது நீதிபதி உத்தரவில் காவலில் வைக்கப்பட்டு, 60 நாள் முடிந்தும் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவில்லை. கெடுவுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் நீதிமன்றம் கொடுத்தே ஆக வேண்டிய ஜாமீன் இருக்கிறது, அதுதான் கட்டாய ஜாமீன். 61-வது நாளே அதைக் கேட்டிருக்கலாம், யாரும் மனு போடவில்லை. அடுத்த சில நாளில் குற்றப்பத்திரிகை வந்துவிட்டது, உரிமையும் போய்விட்டது. ஏன் போடவில்லை என்று கேட்டேன். "கொஞ்ச நாள் உள்ளே இருந்தால்தான் புத்தி வரும்னு சொந்தக்காரங்க சொன்னாங்க சார்."

இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ரிமாண்ட் தண்டனை அல்ல. தண்டனை கொடுக்க வேண்டியது நீதிமன்றம், அதுவும் விசாரணை முடிந்து குற்றம் நிரூபணமான பிறகு. அதுவரை அவர் விசாரணைக் கைதி, அவ்வளவுதான். நம் நாட்டுச் சிறைகளில் நான்கில் மூன்று பேர் இப்படித் தீர்ப்புக்கு முன்பே உள்ளே இருப்பவர்கள் என்கிறது 2022-ஆம் ஆண்டு அரசுக் கணக்கு. 1979-இல் ஹுசைனாரா கத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்குத் தெரியவந்தது என்ன? குற்றத்துக்கு உரிய அதிகபட்ச தண்டனையைவிடக் கூடுதலான காலம் பீகார் சிறைகளில் விசாரணைக் கைதிகளாகவே கிடந்தவர்கள் இருந்தார்கள். தண்டனை கிடைத்தால் உள்ளே இருந்த நாட்களைக் கழித்துக்கொள்வார்கள், சரி. விடுதலையானால் அந்த நாட்களை யார் திருப்பித் தருவார்கள்?

ரிமாண்ட் செய்த தேதியை எழுதி வையுங்கள். கைது தேதி அல்ல, ரிமாண்ட் தேதி. அந்த நாளையும் சேர்த்து எண்ணுங்கள். பத்தாண்டோ அதற்கு மேலோ சிறை, ஆயுள், மரண தண்டனை வரக்கூடிய குற்றங்களுக்குக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யக் கெடு 90 நாள், மற்றவற்றுக்கு 60. போதைப்பொருள், உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) மாதிரி தனிச்சட்ட வழக்குகளில் கணக்கு வேறு, வக்கீலிடம் கேளுங்கள். கெடு முடிந்த மறுநாளே மனு நீதிமன்றத்தில் இருக்க வேண்டும்.

ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே கிடப்பவர்கள் தனி. நிபந்தனையைத் தளர்த்தக் கேட்கலாம் என்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது. இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர் அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்துவிட்டால், பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 479-ஆவது பிரிவைச் சொல்லி ஜாமீன் கேளுங்கள். ஆயுள், மரண தண்டனைக் குற்றங்களுக்கும், வேறு வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் அது பொருந்தாது.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று மட்டும் சும்மா இருந்துவிடாதீர்கள், தயவுசெய்து. காவலில் இருக்கும் யாருக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்கு போன் பண்ணுங்கள். போகும்போது வழக்கு எண்ணும் ரிமாண்ட் தேதியும் கையில் இருக்கட்டும்.