பருவநிகழ்வியல்: ஃபீனாலஜிக்கு ஏற்ற தமிழ்ச்சொல்

மரம் எப்போது துளிர்க்கிறது, செடி எப்போது பூக்கிறது, ஓடைநீரில் வளரும் பூச்சி எப்போது இறகு முளைத்து வெளியே வருகிறது? ஆண்டுதோறும் திரும்ப வரும் இந்த நிகழ்வுகளின் நாளைக் குறித்துவைத்து, அது ஏன் முந்துகிறது, ஏன் பிந்துகிறது என்று ஆராயும் துறைதான் ஃபீனாலஜி.

கிரேக்கத்தில் 'ஃபைனோ' என்றால் காட்டுதல், தோன்றச் செய்தல். 1849இல் பெல்ஜியத் தாவரவியலாளர் சார்ல் மோரன் இச்சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

வேர்ச்சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டு 'தோற்றவியல்' என்று எழுதினால் பொருள் கெட்டுவிடும். தோற்றம் என்றதும் நமக்கு உருவமோ பிறப்போ நினைவுக்கு வருமே தவிர, காலம் வராது. 'பருவவியல்' சுருக்கமானதுதான், ஆனால் வானிலைப் படிப்பு என்று எண்ண இடம் தருகிறது. காலம், நிகழ்வு இரண்டையும் சொல்லும் 'பருவநிகழ்வியல்' எனக்குச் சரியாகப் படுகிறது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் துறைக்கும், ஒரு செடியின் பருவ ஒழுங்குக்கும் ஒரே சொல். 'இச்செடியின் பருவநிகழ்வியல் மாறிவிட்டது' என்று தமிழில் எழுதக் கூடாது. மாறியது துறை அல்லவே! 'பூக்கும் பருவம் மாறிவிட்டது' என்றாலே போதும்.

இந்தத் துறையின் அருமை தெரிய, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள ராக்கி மலைக்குப் போக வேண்டும். சுமார் 2,900 மீட்டர் உயரத்தில் காத்திக் என்ற பழைய சுரங்க ஊர். சுரங்கக்காரர்கள் விட்டுப்போன அந்த ஊரில் 1928 முதல் ராக்கி மலை உயிரியல் ஆய்வகம் இயங்குகிறது. சூழலியலாளர் டேவிட் இனோயே 1973இல் அங்கே இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் சதுரங்களை அளந்து, கோடை முழுக்க ஒருநாள் விட்டு ஒருநாள் அவற்றில் பூத்த பூக்களை எண்ணத் தொடங்கினார். 1974 முதல் 2012 வரையிலான எண்ணிக்கையே இருபது லட்சம் பூக்களைத் தாண்டும். அந்த 39 ஆண்டுகளில் மலையின் பூக்காலம் 35 நாள் நீண்டிருந்தது.

கேட்க மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அங்குள்ள செடிகளுக்குப் பனி உருகுவதே எழுப்பும் மணி. பனி சீக்கிரம் உருகினால் மொட்டும் சீக்கிரம் வந்துவிடும். ஜூன் மாத உறைபனியோ இன்னும் ஓய்ந்திருக்காது. ஆஸ்பென் சூரியகாந்தி என்ற காட்டுச்செடியில் உறைபனிக்குப் பலியான மொட்டுகள் 1992–98இல் சராசரியாக நூற்றுக்கு 36, 1999–2006இல் 74. பூவும் இல்லை, விதையும் இல்லை.

பொய்க்குறியை நம்பி ஏமாறும் செடியைத் தமிழும் கண்டிருக்கிறது. குறுந்தொகை 66ஆம் பாட்டில், தலைவன் சொல்லிச் சென்ற கார்காலம் வந்தும் அவனைக் காணோமே என்று தலைவி வாடுகிறாள். கொன்றை பூத்துக் குலுங்குகிறது. தோழி அந்த மரத்தையே 'மடவ', அதாவது அறியாமை உடையது, என்கிறாள்: 'வம்ப மாரியைக் காரென மதித்தே' பூத்துவிட்டதாம். வம்ப மாரி என்றால் பருவமல்லாத மழை. 'பருவம் வாரா அளவை' என்ற தொடரும் அதே பாட்டில்தான். தோழி சொன்னது தலைவியைத் தேற்றச் சொன்ன பொய். ஆனால் மரம் மழையைப் பார்த்து ஏமாறக்கூடும் என்று கேட்பவளுக்குத் தெரிந்திருந்தால்தானே அந்தப் பொய் எடுபடும்?