கார்பன்-செராமிக் பிரேக்: ட்ராக்கில் ஓட்டுகிறவருக்கு அது தேவையா?

1,500 கிலோ எடையுள்ள ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று பந்தய ட்ராக்கின் நேர்ப்பாதையில் மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அடுத்த வளைவுக்கு முன்னால் 90-க்கு இறங்கியாக வேண்டும். நல்ல டயர் போட்டிருந்தால் இதற்குச் சுமார் 4 விநாடி போதும். அந்த நேரத்துக்குள் 30 லட்சம் ஜூலுக்கும் மேற்பட்ட இயக்க ஆற்றல் காரை விட்டு வெளியேறுகிறது. திறனாகக் கணக்கிட்டால் ஆயிரம் குதிரைத்திறனைத் தாண்டும். காற்றின் எதிர்ப்பு அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மற்றதெல்லாம் சக்கரங்களோடு சுழலும் நான்கு பிரேக் டிஸ்க்குகளில் வெப்பமாக இறங்குகிறது. சில விநாடிகள் கழித்து அடுத்த வளைவு, மறுபடியும் அதே கதை. இப்படி 20 நிமிடம் ஓட்டினால் டிஸ்க்கின் கதி என்ன?

ட்ராக் பிரேக் பற்றிய பேச்செல்லாம் இந்த வெப்பத்தைச் சுற்றித்தான். கார்பன்-செராமிக் டிஸ்க்கை இதற்கான உச்சகட்டத் தீர்வாகச் சொல்லி விற்கிறார்கள். அந்தப் பொருளின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் அடிக்கடி ட்ராக்குக்குப் போகிறவர் அதற்குப் பணம் போடக் கூடாது என்பதே என் கருத்து. விலை ஒரு காரணம்தான். அதைவிட முக்கியமானது அந்த டிஸ்க் தேய்கிற விதம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளிவிடலாம். செராமிக் டிஸ்க் போட்டால் கார் குறைந்த தூரத்தில் நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். காரை நிறுத்துவது டயருக்கும் தரைக்கும் இடையே இருக்கும் பிடிப்பு. சாதாரண இரும்பு டிஸ்க்கே ஏபிஎஸ் வேலை செய்யத் தொடங்கும் அளவுக்குச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்திவிடும். அதற்கு மேல் பிரேக்கில் எவ்வளவு வலு இருந்தாலும் பயனில்லை. பத்தாவது தடவை அழுத்தும்போதும் முதல் தடவை இருந்த அதே உணர்வு காலுக்குக் கிடைக்கிறதா என்பதில்தான் பிரேக்குக்குப் பிரேக் வித்தியாசம் தெரியும்.

இந்த டிஸ்க் உருவாகும் முறை சுவையானது. துண்டு துண்டாக நறுக்கிய கார்பன் இழைகளைப் பிசினோடு கலந்து அச்சில் அழுத்துகிறார்கள். இறுகிய வளையத்தைக் காற்றில்லாத உலையில் 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கும்போது பிசின் சிதைந்து வெறும் கார்பனாக மிஞ்சுகிறது. இப்போது வளையம் முழுக்க நுண்துளைகள். அடுத்த உலையில் சிலிக்கனோடு சேர்த்து வெற்றிடத்தில் இன்னும் மேலே சூடேற்றுகிறார்கள். சிலிக்கன் 1,414 டிகிரியில் உருகும். உருகிய சிலிக்கன் அந்தத் துளைகளுக்குள் தானாகவே உறிஞ்சப்பட்டு, எதிர்ப்படும் கார்பனோடு வினைபுரிந்து சிலிக்கன் கார்பைடாக மாறுகிறது. உரசல் தாள்களிலும் சாணைக்கற்களிலும் இருக்கிற அதே கடினப் பொருள்தான். உள்ளே வினைபுரியாமல் தங்கிவிடும் கார்பன் இழைகள் வெடிப்பு பரவாமல் பிடித்துக்கொள்கின்றன. வெறும் செராமிக் தட்டு ஓர் அடியில் நொறுங்கிவிடும். இது நொறுங்காமல் இருப்பதற்கு அந்த இழைகளே காரணம். இந்த இழைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரையின் மையமே அவைதான்.

ஃபார்முலா 1 கார்களில் இருப்பது இது இல்லை. அங்கே இழையும் கார்பன், இழைகளைப் பிணைப்பதும் கார்பன். கான்கார்ட் விமானத்தில் இருந்த வகை அது. 1976-இல் பிராபம் அணி அதைப் பந்தயக் காருக்குக் கொண்டுவந்தது. நன்றாகச் சூடேறாத வரை அது சரியாகப் பிடிக்காது. சாலையில் ஓட்டும் காருக்கு ஒத்துவராது. சிலிக்கன் கார்பைடு கலந்த வகையோ குளிர்ந்த நிலையிலும் பிடிக்கும். 2001-இல் போர்ஷே 911 ஜிடி2 காரிலும், அடுத்த ஆண்டு ஃபெராரி என்ஸோவிலும் அது சாலைக்கு வந்தது.

நன்மைகளில் முதலாவது எடை. வார்ப்பிரும்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.2 கிராம், கார்பன்-செராமிக்குக்குச் சுமார் 2.4 கிராம். மூன்றில் ஒரு பங்குதான் என்றாலும், செராமிக் டிஸ்க்கைக் கொஞ்சம் பெரிதாகவும் தடிமனாகவும் செய்ய வேண்டியிருப்பதால் கையில் கிடைக்கும் லாபம் ஏறக்குறைய பாதி. நான்கு சக்கரமும் சேர்த்துச் சுமார் 20 கிலோ குறையும். அதுவும் எந்த இடத்தில்? ஸ்பிரிங்குக்குக் கீழே, சுழலும் பாகத்தில். சக்கரம் மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது தரையை விட்டு எழும்பாமல் ஒட்டி ஓடும், ஸ்டீரிங்கும் இலகுவாகும். இது கைக்கே தெரியும் வித்தியாசம். காருக்குள்ளிருந்து அதே 20 கிலோவை எடுத்தால் இந்த அளவுக்குத் தெரியாது.

வெப்ப விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு பொருள் ஒரு டிகிரி சூடேற எவ்வளவு வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் என்பது அதன் எடையையும் தன்வெப்பத்தையும் (ஒரு கிலோவுக்கான அளவு) பெருக்கி வருவது. மேலே சொன்ன ஒரு பிரேக்கிங்கில் முன்சக்கர டிஸ்க் ஒவ்வொன்றிலும் 10 லட்சம் ஜூல் இறங்குவதாகக் கொள்ளுங்கள். 10 கிலோ இரும்பு வளையம் என்றால், கிலோவுக்கு 500 ஜூல் என்ற கணக்கில், வெப்பநிலை 200 டிகிரி ஏறும். 5 கிலோ செராமிக் வளையத்துக்குத் தொடக்கத்தில் கிலோவுக்கு 800 ஜூல்தான். ஆகவே 250 டிகிரி ஏறும். சூடேறச் சூடேற அதன் தன்வெப்பம் 1,000 ஜூலைத் தாண்டுவதால் பிறகு இந்த இடைவெளி குறைகிறது. இருந்தாலும் எடையில் மிச்சம் பிடித்ததற்கு விலை வெப்பநிலையில்தான் கட்டப்படுகிறது. வெப்பத்தைக் கடத்துவதிலும் இரும்புதான் கெட்டிக்காரன் என்பதால், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் உரசும் மேற்பரப்பு செராமிக்கில் இன்னும் கூடுதலாகக் கொதிக்கிறது. டிஸ்க்கைப் பெரிதாக்குவதற்கு இதுவே காரணம். 991 தலைமுறை 911 ஜிடி3-யின் முதல் பதிப்பில் இரும்பு டிஸ்க் 380 மில்லிமீட்டர் விட்டம்; செராமிக் கேட்டு வாங்கினால் முன்பக்கம் 410.

சூட்டில் செராமிக் வடிவம் மாறாது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 400 மில்லிமீட்டர் இரும்பு டிஸ்க் 600 டிகிரி சூடேறினால் விட்டம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கூடும். செராமிக்கில் அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. நெளிவு கிடையாது, துருவும் கிடையாது. மழையில் நனைந்து இரவெல்லாம் நின்ற காரில் காலையில் முதல் பிரேக்கில் வரும் கரகரப்பு இதில் இல்லை. சக்கரத்தில் கறுப்புத் தூசி படிவதும் மிகக் குறைவு. சாலையில் மட்டும் ஓட்டுகிறவருக்கு இந்த டிஸ்க் மாற்றவே வேண்டியிராத அளவுக்கு நீடிக்கும்.

அப்படியென்றால் ட்ராக்கில் என்ன ஆகிறது?

அந்த இழைகள் எரிகின்றன. அடுப்பில் கரி எரிந்து சாம்பலாவதும் இதுவும் ஒரே வேதிவினைதான்: கார்பன் ஆக்சிஜனோடு சேர்ந்து வாயுவாகப் பறந்துவிடுகிறது. காற்றில் கார்பன் இப்படி எரியத் தொடங்குவது 400 முதல் 500 டிகிரிக்குள். சாலையில் டிஸ்க் அந்த எல்லையைத் தொடுவது அபூர்வம். ட்ராக்கில் ஒவ்வொரு சுற்றிலும் பல முறை தாண்டும். வெப்பநிலை ஏற ஏற எரிதலின் வேகம் செங்குத்தாகக் கூடுகிறது. 600-இல் ஓடும் டிஸ்க்குக்கும் 800-இல் ஓடும் டிஸ்க்குக்கும் ஆயுளில் பெரிய வித்தியாசம் இருக்கும். சிலிக்கன் கார்பைடு அந்தச் சூட்டைப் பொருட்படுத்தாது. ஆனால் கார்பன் இழையும் சிலிக்கன் கார்பைடும் சூட்டில் ஒரே அளவு விரிந்து சுருங்குவதில்லை. அதனால் உலையிலிருந்து குளிரும்போதே டிஸ்க்கில் நுண்ணிய வெடிப்புகள் விழுந்துவிடுகின்றன. புது டிஸ்க்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வலைபோல மெல்லிய கோடுகள் தெரியும். அது குறையில்லை, இந்தப் பொருளின் இயல்பு. அந்த வழியாகத்தான் ஆக்சிஜன் உள்ளே நுழைகிறது. எரிதலைத் தடுக்கும் பூச்சு உண்டு. அது எரிதலை மெதுவாக்குமே தவிர நிறுத்தாது.

இதன் விளைவு விசித்திரமானது. இரும்பு டிஸ்க் தேய்ந்தால் மெலியும். மைக்ரோமீட்டர் வைத்து அளந்துவிடலாம். செராமிக் டிஸ்க் தடிமன் கிட்டத்தட்ட குறையாமலே உள்ளுக்குள் காலியாகும். ஆகையால் அதை எடை போட்டுப் பார்க்க வேண்டும். டிஸ்க்கின் நடுப்பகுதியில் குறைந்தபட்ச எடை கிராமில் பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போனால் ஆயுள் முடிந்தது. இழைகள் எரிந்த இடத்தில் கடினமான சிலிக்கன் கார்பைடு முனைகள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்பதால் மேற்பரப்பு சொரசொரப்பாகி, பேடை வேகமாகத் தின்னத் தொடங்கும். செராமிக் காரில் பேட் திடீரென்று சீக்கிரம் சீக்கிரமாகத் தீர்கிறது என்றால் முதலில் டிஸ்க்கைச் சந்தேகியுங்கள்.

இரும்பும் ட்ராக்கில் சாகத்தான் செய்யும். காற்றுத் துளைகளைச் சுற்றி வெடிப்பு கிளம்பும், விளிம்பை எட்டினால் டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஆனால் அந்தச் சாவு கண்ணுக்குத் தெரியும், மலிவானது, அரை நாளில் சரிசெய்துவிடலாம். ஒரு ஜோடி செராமிக் டிஸ்க்கின் விலைக்குப் பல ஜோடி இரும்பு டிஸ்க் வரும். செராமிக்குக்கு விபத்துப் பயமும் உண்டு. சரளைக்குள் கார் இறங்கி, பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பருக்கும் டிஸ்க்குக்கும் நடுவே ஒரு கல் சிக்கினால் போதும். சக்கரம் கழற்றும்போது ரிம் நழுவி டிஸ்க் விளிம்பில் இடித்தால்கூடச் சில்லு பெயரலாம். அதனால் விவரம் தெரிந்த மெக்கானிக் போல்ட் துளையில் நீண்ட வழிகாட்டிக் கம்பியைத் திருகி, அதன் மேல் சக்கரத்தை நேராக வழுக்கவிட்டுத்தான் கழற்றுவார், மாட்டுவார். ட்ராக்குக்குப் போகிறவர் டயரையும் பேடையும் அடிக்கடி மாற்றுகிறவர்; ஒவ்வொரு முறையும் இந்த எச்சரிக்கை தேவை.

பந்தய வகுப்புகளைப் பார்த்தாலும் இது விளங்கும். போர்ஷேயின் 911 ஜிடி3 கப் பந்தயக் கார் இரும்பு டிஸ்க்கோடுதான் ஓடுகிறது. பல நிறுவனங்களின் கார்கள் மோதும் ஜிடி3 என்ற பந்தய வகுப்பில் விதியே அதுதான். அந்தக் கார்கள் பல மணி நேரம் விடாமல் ஓடுகின்றன. ஆகவே இரும்பு டிஸ்க்கால் தாக்குப்பிடிக்க முடியாது என்ற பேச்சுக்கு இடமில்லை.

ட்ராக்கில் பிரேக் கைவிட்டதாகச் சொல்லப்படும் கதைகளில் பெரும்பாலும் குற்றவாளி டிஸ்க்கே இல்லை. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. டாட் 4 என்ற பிரேக் ஆயில் தரத்துக்குக் கேட்கப்படும் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. ஈரம் ஏறியபின் 155 டிகிரி இருந்தாலே தரம் நிறைவேறிவிடும். பந்தயத்துக்கென்று வரும் ஆயில்கள் புதிதாக 300 டிகிரியைத் தாண்டும். பெடல் கெட்டியாகவே இருந்து கார் மட்டும் நிற்க மறுத்தால், பேட் அதன் வெப்ப எல்லையைக் கடந்துவிட்டது என்று பொருள். ஆக, புது ஆயில், ட்ராக்குக்கான பேட், டிஸ்க்கின் நடுவுக்குக் காற்றைக் கொண்டுவரும் குழாய் ஆகிய மூன்றையும் முதலில் செய்துவிட வேண்டும். செராமிக் போட்டாலும் இந்த மூன்றிலிருந்தும் தப்ப முடியாது; டிஸ்க் கூடுதலாகச் சூடேறுவதால் காலிப்பருக்கும் ஆயிலுக்கும் சோதனை அதிகம்.

ஆண்டுக்கு ஓரிரு முறை ட்ராக்குக்குப் போய், மற்ற நாளெல்லாம் சாலையில் ஓட்டுகிறவருக்கு, அதுவும் காரோடு செராமிக் வந்திருந்தால், அப்படியே வைத்துக்கொள்ளலாம். நான்கைந்து சுற்று வேகமாக ஓட்டி, ஒரு சுற்று பிரேக்கைத் தொடாமல் ஆறவிட்டால் அது நன்றாக உழைக்கும். மாதந்தோறும் ட்ராக்குக்குப் போகிறவர், புதுக் கார் எடுக்கும்போதே இரும்பைக் கேட்டு வாங்குவது நல்லது. செராமிக்கோடு வந்த காரை ஏற்கெனவே வாங்கிவிட்டால், அந்த டிஸ்க்குகளைக் கழற்றிப் பத்திரமாக எடுத்துவைத்து, இரும்பில் ஓட்டி, காரை விற்கும்போது திரும்ப மாட்டுவது அனுபவசாலிகள் பலர் செய்வது. பேடையும் சேர்த்து மாற்ற வேண்டும். இரும்புக்கான பேடைச் செராமிக்கில் போடக் கூடாது. சில மாடல்களில் விட்டம் வேறுபடுவதால் காலிப்பரைப் பொருத்தும் பாகமும் தேவைப்படும்.

செராமிக் உள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவர் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். 60,000 கிலோமீட்டர் சாலையில் ஓடிய டிஸ்க் புதிது போலவே இருக்கலாம். 15,000 மட்டும் ஓடி அதில் பாதி ட்ராக்கில் என்றால் முடியும் தறுவாயில் இருக்கலாம். நான்கையும் கழற்றச் சொல்லி, துடைத்து, கிராம் காட்டும் தராசில் வைத்து, பொறித்திருக்கும் எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லையென்றால், நான்கு புது டிஸ்க்கின் விலையைக் கார் விலையிலிருந்து கழித்துக் கேளுங்கள்.