லெப்டொப்ல மட்டும் சரியா ஓடுற பெக்கேஜ்

ஹட்டன்ல இருந்து ரெண்டு தேயிலைத் தோட்டத்துக்கு சம்பள சொப்ட்வெயார் செஞ்சி குடுக்குறேன். கொழுந்து நிறுவை, முழுப்பேர் (முழு நாள் சம்பளம்), அரைப்பேர் (அரை நாள் சம்பளம்), இபிஎப்ல (ஊழியர் சேமலாப நிதி) தொழிலாளிகிட்ட வெட்டுற 8 வீதம், கம்பனி போடுற 12 வீதம், இடிஎப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம்னு எல்லாமே ரெண்டுக்கும் பொதுவா இருக்கே, எதுக்கு ரெண்டு தடவ எழுதனும்னு தனி பெக்கேஜா, அதாவது ரெண்டுக்கும் பொதுவான கோட் தொகுப்பா பிரிச்சி, ரெண்டு ப்ரொஜெக்ட்லயும் என் லெப்டொப்ல அது இருக்குற போல்டர் பாத் குடுத்து டிபெண்டன்சியா சேர்த்தேன். பிரிச்சது சரிதான், இன்னைக்கும் அதத்தான் சொல்லுவேன். சேர்த்த விதம்தான் பிழை.

என்பிஎம்ங்கிறது ஜாவாஸ்கிரிப்ட் பெக்கேஜ்கள இன்ஸ்டோல் பண்ற டூல். அதோட 5ம் வேர்ஷன்ல இருந்து போல்டர் பாத் குடுத்தா கொப்பி எடுக்காது, சிம்லிங்க்தான் போடும், அதாவது அந்த போல்டரயே காட்டுற ஒரு இணைப்பு. ஒரு தோட்டத்துல அரைப்பேர் கணக்க மாத்த சொன்னாங்க, மாத்தினேன், பிறகு மத்த தோட்டத்துக்கு வேற ஏதோ சின்ன திருத்தம் பில்ட் பண்ணி அனுப்புறப்ப இந்த மாற்றமும் சத்தமில்லாம கூடவே போயிருச்சி, வேர்ஷன பாத்தா ரெண்டுலயும் அதே 1.0.0. சம்பளத்தன்னைக்கி அந்த மத்த தோட்டத்து மடுவத்துல (கொழுந்து நிறுக்குற கொட்டகை) ஒரு அக்கா சிட்டைய நீட்டி, "தம்பி, மழையில நனைஞ்சி நின்ன மூணு அரைப்பேரு எங்கப்பா"னு கேட்டாங்க. எனக்கு வாயே வரல. அன்னைக்கி ராத்திரி செக்ரோல (வேலைக்கு வந்த நாள் எழுதுற பதிவேடு) வச்சி கையாலயே எல்லார் கணக்கயும் திருத்தினோம்.

எழுதுற நேரத்துக்கு லிங்க் நல்லதுதான், மாத்தினது உடனே தெரியும். ஆனா குடுக்க முன்னுக்கு வேர்ஷன் நம்பர ஏத்தி, என்பிஎம் பெக் கொமாண்ட் அடிச்சி, பெக்கேஜ் முழுக்க ஒரே பைலா வர்ற டார் பைல ப்ரொஜெக்ட்டுக்குள்ளயே வச்சி அதுல இருந்து இன்ஸ்டோல் பண்ணுங்க. பைல் பேர்லயே வேர்ஷன் இருக்கும், எது இன்ஸ்டோல் ஆச்சுனு குறிச்சி வைக்கிற லொக் பைல்லயும் பதிவாகும், உங்க லெப்டொப் போல்டர் இல்லாத சேர்வர்லயும் ஓடும், பெக்கேஜ்ல சேர்க்க மறந்த பைல் இருந்தா அப்பவே தெரிஞ்சிரும். ரியெக்ட் (வெப் திரை கட்டுற லைப்ரரி) பாவிக்கிற பெக்கேஜ லிங்க் பண்ணி இன்வெலிட் ஹூக் கோல்னு எரர் வந்தா பெரும்பாலும் ரெண்டு ரியெக்ட் ஏறியிருக்கும், ரியெக்ட்ட பியர் டிபெண்டன்சியா, அதாவது ப்ரொஜெக்ட்ல இருக்குறதயே பாவிக்கிற மாதிரி வச்சி பெக் பண்ணி போட்டா போயிரும்.

பேரும் முக்கியம். 2021ல அலெக்ஸ் பிர்சான்ங்கிற பாதுகாப்பு ஆய்வாளர் பெரிய கம்பனிகள் உள்ளுக்குள்ள பாவிக்கிற பெக்கேஜ் பேர்லயே யாரும் பெக்கேஜ் ஏத்தக்கூடிய பொது ரெஜிஸ்ட்ரில பெக்கேஜ் போட்டு, அது அவங்க கொம்பியூட்டர்லயே ஓடுறத காட்டினாரு. நம்ம பெக்கேஜுக்கு சும்மா பொதுப்பேர் வைக்காம, என்பிஎம்ல நம்ம பேர்ல ஒரு ஸ்கோப் (பெக்கேஜ் பேருக்கு முன்னால வர்ற நமக்கே சொந்தமான பேர்) எடுத்து அதுக்கு கீழ வைங்க.

இப்ப ஒரு தோட்டத்துல 1.2.0 ஓடுது, மத்ததுல 1.1.3. அரைப்பேருக்கு ரெண்டுலயும் தனித்தனியா டெஸ்ட் இருக்கு, அந்த அக்காவோட மூணு நாள் கணக்குதான் முதல் டெஸ்ட்.