கல் பிழைக்க வேண்டுமானால் சாந்து தேய வேண்டும்

ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் கோட்டையில் எல்லாச் சுவரும் சாம்பல் நிறக் கல். பெரிய மண்டபம் மட்டும் வெளிர் மஞ்சளாகப் பளிச்சென்று நிற்கும். நான்காம் ஜேம்ஸ் மன்னருக்காக 1503 வாக்கில் கட்டி முடித்தது அது. பிறகு ராணுவம் அதைப் படைவீரர் குடியிருப்பாக மாற்றி, 1964 வரை வைத்திருந்தது. நீண்ட சீரமைப்புக்குப் பின் 1999இல் மண்டபம் மறுபடி திறந்தபோது, அந்த மஞ்சள் பலருக்குப் பிடிக்கவில்லை. கோட்டை என்றால் வெறும் கல்லாகத்தான் இருக்க வேண்டும் என்று பழகிப்போன கண்கள். ஆனால் அது நிறம் சேர்த்து அடித்த சுண்ணாம்பு. மழையில் கல் கரையாமல் காக்கிற மேல்பூச்சு.

அந்தச் சுவர்கள் மணற்கல்லால் ஆனவை. மணற்கல்லை நம் மண்பானை மாதிரி நினைத்துக்கொள்ளலாம். உள்ளே நுண்ணிய துளைகள். தண்ணீர் ஊறும், காற்றுப் பட்டால் கசிந்து ஆவியாகும். ஊறுவதால் பெரிய கெடுதல் இல்லை. ஊறியது வெளியேற வழியில்லாமல் போவதுதான் ஆபத்து.

பழைய கொத்தனார்கள் கற்களுக்கு நடுவே சுண்ணாம்புச் சாந்து வைத்தார்கள். அது கல்லைவிட மென்மையானது, துளைகள் அதிகம். அதனால் ஈரம் சாந்து வழியாகவே வெளியேறும். உப்பும் அங்கேதான் பூக்கும். காலப்போக்கில் சாந்து உதிரும். சுரண்டிவிட்டுப் புதிதாக வைப்பார்கள். தேய்வது சாந்து, நிற்பது கல்.

1824இல் இங்கிலாந்தின் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். இருபதாம் நூற்றாண்டில் பல கோட்டைகளில் கற்களுக்கு நடுவேயுள்ள சந்துகளை அந்தச் சிமெண்டாலேயே பூசினார்கள். நல்ல எண்ணத்தோடு செய்ததுதான். ஆனால் சிமெண்ட் இறுக்கமானது, ஈரத்தை எளிதில் விடாது. சந்து வழி அடைபட்டதும் ஈரம் கல்லின் முகம் வழியாக வெளியேறத் தொடங்கியது. உப்பு கல்லுக்குள்ளேயே படிகமாகித் துகள்களைப் பிளந்தது. குளிர்காலத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருகும். அது கல்லின் முகத்தைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்தது. இப்படிப்பட்ட சுவரைப் பார்த்தால் மனசு கஷ்டப்படும்: கல் குழிந்து உள்வாங்கியிருக்கும், சிமெண்ட் மட்டும் வலைபோலத் துருத்தி நிற்கும்.

இப்போது அந்தச் சிமெண்டை உளியால் பொறுமையாக எடுக்கிறார்கள். எடுத்தால் கல்லின் விளிம்பு உடையும் என்றால் சில இடங்களில் விட்டுவிடுவதும் உண்டு. அது சரியான முடிவென்றே நினைக்கிறேன்.

அப்புறம் மறுபடி சுண்ணாம்புதான். சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரியில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு போய்விடும். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். மணல் சேர்த்துச் சுவரில் வைத்ததும், போன கார்பன் டை ஆக்சைடைக் காற்றிலிருந்து மெல்ல இழுத்து மறுபடி கல்லாகிறது. இதற்கு லேசான ஈரம் வேண்டும். வெயிலிலும் காற்றிலும் சட்டென்று காய்ந்தால் பொடிப்பொடியாகிவிடும்; இறுகுமுன் பனி உறைந்தாலும் பாழ். அதனால் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டுக் காப்பார்கள், கடுங்குளிரில் வேலையை நிறுத்திவிடுவார்கள். ஈரமான இடங்களுக்குக் களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு உதவும்; அது தண்ணீர் பட்டே இறுகத் தொடங்கும்.

கூரை இழந்த கோட்டைகளில் இன்னொரு தொல்லை, சுவரின் உச்சி. மழை நேராக உள்ளே இறங்கும். முன்பு அங்கே வளர்ந்த புல்லைப் பிடுங்கிவிட்டுச் சிமெண்ட் பூசினார்கள். அது வெடித்து, விரிசல் வழியே இன்னும் தண்ணீர் இறங்கியது. இப்போது பல இடங்களில் மண்ணோடு சேர்த்து வெட்டியெடுத்த புல்லையே உச்சியில் பதிக்கிறார்கள். மண் மழையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், வெயிலில் திருப்பி விடும்; குளிரும் வெப்பமும் கல்லை நேரடியாகத் தாக்காமல் போர்வைபோல மூடியிருக்கும். புல்லின் வேர் மேலோடு நிற்கும். மரக்கன்று முளைத்தால் மட்டும் உடனே பிடுங்கிவிட வேண்டும்.