முகம் காந்தும், வயிறு போகும்: கார்சினாய்டு கட்டி பிடிபடாமல் நழுவுவது எங்கே?

நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்ணுக்கு முகம் திடீரென்று காந்தினால் மாதவிடாய் நிற்கப்போகிறது என்பார்கள். தினமும் ஆறேழு முறை வயிறு போனால் ஐபிஎஸ் என்கிற குடல் எரிச்சல் கோளாறு. மூச்சு இழுத்தால் ஆஸ்துமா. தனித்தனியாக வந்தால் பெரும்பாலும் அது அதுதான். மூன்றும் ஒரே ஆளுக்கு இருந்தும், மூன்று டாக்டர்களின் மூன்று சீட்டுகளில் பிரிந்து கிடக்கும்போதுதான் கார்சினாய்டு கட்டி வருடக்கணக்கில் ஒளிந்துகொள்கிறது.

ஹார்மோன் போன்ற பொருள்களைச் சுரக்கும் செல்களிலிருந்து உருவாகும் இந்தக் கட்டிக்கு 1907-இல் பெயர் வைத்தவர் மியூனிக்கைச் சேர்ந்த நோய்க்குறியியல் நிபுணர் சீக்ஃப்ரீட் ஓபர்ன்டோர்ஃபர். தீங்கற்றது என்றே முதலில் கருதினார். இது பரவவும் கூடும் என்று 1929-இல் அவரே திருத்திக்கொண்டார். இப்போதைய பயாப்ஸி ரிப்போர்ட்டுகளில் 'நியூரோஎண்டோகிரைன் கட்டி' என்றுதான் இருக்கும். 2018-இல் நடிகர் இர்ஃபான் கான் தன் நோயை அறிவித்தபோது, 'நியூரோ' என்ற சொல்லைப் பார்த்து அதை மூளைக் கட்டி என்று நினைத்தவர்கள் ஏராளம். உண்மையில் இது அதிகம் வருவது சிறுகுடலின் கடைசிப் பகுதி, குடல்வால், மலக்குடல், இரைப்பை, நுரையீரல் ஆகிய இடங்களில்.

கட்டி இருப்பவர்கள் எல்லோருக்கும் முகம் காந்துவதில்லை. சிறுகுடல் கட்டி சுரக்கும் செரடோனின் என்ற ரசாயனம் நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அதை உடைத்துவிடுகிறது. கட்டி கல்லீரலுக்கே பரவிய பிறகுதான் சுரப்பு உடைபடாமல் உடலெங்கும் ஓடுகிறது. முகம் காந்துதல், வயிற்றுப்போக்கு, இழுப்பு, இதய வால்வு பாதிப்பு எல்லாம் சேர்ந்த 'கார்சினாய்டு சிண்ட்ரோம்' அப்போதுதான் தலைகாட்டும். நுரையீரல், சினைப்பைக் கட்டிகள் விதிவிலக்கு. அவற்றின் ரத்தம் கல்லீரலைத் தொடாமலே இதயத்துக்குப் போவதால், பரவாமலேயே அறிகுறி தரலாம்.

காந்தல் எப்படி இருக்கும்? சிவந்த தோலில் சிவப்பு பளிச்சென்று தெரியும் என்று பாடப் புத்தகம் சொல்லும். நம் ஊர் மாநிறத் தோலில் அதை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவோம். முகமும் கழுத்தும் மேல்மார்பும் சற்றுக் கருத்து, கண் சிவந்து, தொட்டால் சூடாக இருக்கும், அவ்வளவுதான். முக்கியமான அடையாளம், வியர்க்காது. மாதவிடாய் நிற்கும் காலத்துச் சூட்டில் ஜாக்கெட் நனைந்துவிடும். இது வறண்ட காந்தல். மது, சூடான அல்லது காரமான சாப்பாடு, மன அழுத்தம் இவை கிளப்பிவிடும். வயிற்றுப்போக்கிலும் ஒரு வித்தியாசம் உண்டு. ஐபிஎஸ்காரர் இரவில் பொதுவாக நிம்மதியாகத் தூங்குவார். இவர் இரவிலும் எழுந்து ஓடுவார், பட்டினி கிடந்தாலும் நிற்காது.

நம் நாட்டில் இன்னொரு வழிமாற்றம் காசநோய். சிறுகுடல் முடியும் இடத்தில் தடிப்பு, விட்டுவிட்டு வயிற்றுவலி, எடைக் குறைவு என்றதும் குடல் டிபி என்று ஆறு மாத மாத்திரை தொடங்கிவிடுகிறார்கள். அடிக்கடி ஒரே இடத்தில் நிமோனியா, சளியில் ரத்தம் என்று வரும் இளவயதினருக்கும் இதே கதை. மூச்சுக்குழாய்க்குள் செர்ரி நிறத்தில் ஒரு கட்டி அடைத்துக்கொண்டிருக்கும். திசுப் பரிசோதனையில் உறுதியாகாமல் தொடங்கிய டிபி சிகிச்சைக்கு இரண்டு மாதத்தில் பலன் இல்லையென்றால், மாத்திரையை நீட்டுவதைவிட மறுபடி பயாப்ஸி கேட்பதுதான் சரி.

சந்தேகம் வந்ததும் கேட்கும் முதல் சோதனை, 24 மணி நேரச் சிறுநீரில் 5-ஹெச்ஐஏஏ. செரடோனின் உடைந்து வெளியேறும் பொருள் இது. நல்ல சோதனை, ஆனால் வீட்டில்தான் பெரும்பாலும் கெடுகிறது. முந்தைய மூன்று நாளும் சேகரிக்கும் நாளும் வாழைப்பழம், வாழைக்காய், அன்னாசி, தக்காளி, கத்திரிக்காய், கிவி, அவகேடோ, வால்நட் கூடாது. 'பழம் சாப்பிடாதீங்க' என்று மட்டும் சொல்லி அனுப்பினால், ரசத்திலும் சாம்பாரிலும் தக்காளி போய்க்கொண்டே இருக்கும். குவைஃபெனசின் கலந்த இருமல் சிரப்பும் அளவைப் பொய்யாக ஏற்றும். சில லேப் முறைகளில் பாரசிட்டமாலும் ஏற்றும். லெவோடோபா, ஆஸ்பிரின் குறைத்துக் காட்டலாம். எதையும் தானாக நிறுத்தாமல், சாப்பிடும் மருந்துகளின் பட்டியலை முன்கூட்டியே டாக்டரிடம் காட்டுங்கள்.

காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கழிப்பறையில் விட்டுவிட்டு மணியைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதன்பின் ஒரு சொட்டும் விடாமல் பிடித்து, மறுநாள் அதே மணிக்குப் போகும் சிறுநீரையும் சேர்த்தால் முடிந்தது. லேப் தரும் கேனுக்குள் அமிலம் இருக்கும்; தண்ணீர் என்று நினைத்துக் கொட்டிவிடுகிறார்கள். கொட்டக் கூடாது, அதில் நேராகச் சிறுநீர் கழிக்கவும் கூடாது, தெறித்தால் தோல் வெந்துவிடும். ஒரு மக்கில் பிடித்து ஊற்றுங்கள். கேன் குளிர்ச்சியாக, வெளிச்சம் படாமல் இருக்கட்டும். இந்த நோயாளிகளுக்கே உரிய ஒரு தொல்லை, வயிறு போகும்போது சிறுநீரும் கூடவே போய்விடுவது. கழிப்பறைக்கு எழும்போதெல்லாம் முதலில் மக்கைப் பிடிக்கப் பழக வேண்டும். அதே கேனில் கிரியாட்டினினும் பார்க்கச் சொன்னால், 24 மணி நேரமும் முழுதாகச் சேர்ந்ததா என்பது தெரிந்துவிடும். 5-ஹெச்ஐஏஏ-வின் மேல் எல்லை லேபுக்கு லேப் மாறும், 24 மணி நேரத்துக்கு 8 மில்லிகிராமை ஒட்டி இருக்கும். 25-ஐத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும். லேசான ஏற்றத்துக்குக் குடல் உறிஞ்சல் கோளாறும் காரணமாகலாம்.

இந்தக் கட்டிகள் சுரக்கும் புரதமான குரோமோகிரானின் ஏ-வை ரத்தத்தில் பார்ப்பது இதைவிட வம்பு. பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் போன்ற கேஸ் மாத்திரை சாப்பிடும் யாருக்கும் அது ஏறும். சிறுநீரகம் பழுதானாலும் ஏறும். டாக்டர் அனுமதித்தால் இரண்டு வாரம் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அறிகுறி எதுவும் இல்லாதவர்கள் 'கேன்சர் பேக்கேஜில்' இதைச் சேர்த்து எடுப்பது தூக்கம் கெடுவதற்கு மட்டுமே உதவும்.

ஸ்கேனிலும் ஒரு கண்ணி உண்டு. வழக்கமான குளுக்கோஸ் பெட் ஸ்கேன் வேகமாக வளரும் கட்டிகளைக் காட்டும். மெதுவாக வளரும் கார்சினாய்டை விட்டுவிடலாம். 'பெட் ஸ்கேன் சுத்தம்' என்று ஆறுதல் அடைவதற்கு முன் எந்த பெட் என்று பாருங்கள். இங்கே தேவைப்படுவது, இந்தக் கட்டியில் போய் ஒட்டும் கேலியம்-68 டோட்டாடேட் அல்லது டோட்டாநாக் மருந்தைச் செலுத்தி எடுக்கும் பெட். பயாப்ஸி ரிப்போர்ட்டில் கண் போக வேண்டிய இடம், கட்டி செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று காட்டும் கேஐ-67. அது 3 சதவீதத்துக்குக் கீழ் என்றால் கிரேடு 1, 3 முதல் 20 வரை கிரேடு 2, அதற்கு மேல் கிரேடு 3. அந்த எண் இல்லாத ரிப்போர்ட்டை வாங்கிக்கொள்ளாதீர்கள். லேபில் திசுவைப் பதித்து வைத்திருக்கும் அதே மெழுகு பிளாக்கிலிருந்து மறுபடி பார்க்கச் சொல்லலாம்.

குடல்வால் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. தையல் பிரித்ததும் பயாப்ஸி ரிப்போர்ட்டை வாங்காமலே போய்விடுகிறவர்கள் அதிகம். குடல்வால் கார்சினாய்டு பெரும்பாலும் அந்த ரிப்போர்ட்டில்தான் முதன்முதலாகத் தெரியவரும். 1 சென்டிமீட்டருக்குள், முழுதாக எடுக்கப்பட்டிருந்தால் பொதுவாக அதோடு வேலை முடிந்தது. 2 சென்டிமீட்டரைத் தாண்டினால் பெருங்குடலின் வலப்பக்கத்தை எடுக்கும் ஆபரேஷன் பற்றிப் பேச வேண்டிவரும். இடைப்பட்டவை ஆளைப் பொறுத்தவை: கட்டி குடல்வாலின் அடியில் இருக்கிறதா, சுற்றியுள்ள கொழுப்புக்குள் எவ்வளவு நுழைந்திருக்கிறது, கிரேடு என்ன என்று பார்த்து முடிவெடுப்பார்கள்.

பரவிய நோயிலும் பலர் பல ஆண்டுகள் நன்றாக வாழ்கிறார்கள். அறிகுறிகளை அடக்கும் முதல் மருந்து மாதாந்திர ஊசி. ஆக்ட்ரியோடைடு எல்ஏஆர் என்றால் நான்கு வாரத்துக்கு ஒருமுறை பிட்டத் தசையில் 20 அல்லது 30 மில்லிகிராம்; லான்ரியோடைடு என்றால் 120 மில்லிகிராம், தோலுக்கடியில் ஆழமாக. ஊசி 'வேலை செய்யவில்லை' என்று வருகிறவர்களிடம் முதலில் விசாரிக்க வேண்டியது ஊசி போட்ட விதத்தை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரமாவது வெளியே வைக்க வேண்டும். ஆக்ட்ரியோடைடு பொடியில் திரவத்தை விட்டதும் சில நிமிடம் அசைக்காமல் ஊறவிட்டு, பிறகுதான் குலுக்க வேண்டும். அவசரப்பட்டால் கட்டிதட்டி ஊசியை அடைத்துக்கொள்ளும். கலக்கிவிட்டுத் தாமதித்தாலும் அடியில் படிந்துவிடும். பாதி மருந்து சிரிஞ்சிலேயே தங்கிய ஊசிக்கு மாதம் முழுக்க அவதிப்பட வேண்டியிருக்கும். பருமனானவர்களுக்குச் சிறிய ஊசியால் போட்டால் மருந்து தசைக்குப் போகாமல் கொழுப்பிலேயே கட்டியாக நின்றுவிடும்.

ஊசி ஒழுங்காகப் போட்டும் வயிறு போகிறதென்றால் டோஸை ஏற்றுவதற்கு முன் மலத்தைப் பற்றிக் கேளுங்கள். வெளுத்து, எண்ணெய் மிதந்து, ஃப்ளஷ் செய்தாலும் ஒட்டிக்கொண்டால் அது ஊசியாலேயே வந்த கொழுப்பு அஜீரணம். சாப்பாட்டோடு கணைய நொதி கேப்ஸ்யூல் எடுத்தால் அடங்கும். சிறுகுடலின் கடைசிப் பகுதியை வெட்டியெடுத்தவர்களுக்குப் பித்த உப்பால் போகலாம், அதற்குக் கொலஸ்டிரமைன். உண்மையிலேயே செரடோனின்தான் காரணம் என்றால், அதன் உற்பத்தியைக் குறைக்கும் டெலோட்ரிஸ்டாட் 250 மில்லிகிராம் மூன்று வேளை சேர்க்கலாம். பித்தப்பைக் கற்களும் இந்த ஊசியின் பக்கவிளைவு. கட்டி வளர்ந்தால் அடுத்தது லுட்டீஷியம்-177 டோட்டாடேட் என்ற கதிரியக்க மருந்து. எட்டு வார இடைவெளியில் நான்கு தவணை. சிறுநீரகத்தைக் காக்க ஒவ்வொரு தவணையிலும் அமினோ அமில டிரிப் ஏறும், குமட்டுவது பெரும்பாலும் அதனால்தான்.

இன்னொரு விஷயம் நயாசின், அதாவது வைட்டமின் பி3. செரடோனின் தயாரிக்க டிரிப்டோபேனைக் கட்டி அபகரித்துக்கொள்வதால் வைட்டமின் பி3-க்கு மிச்சமில்லாமல் போகும். வெயில் படும் கழுத்து, முன்கை தோல் கருத்துத் தடித்து உரிந்தால், அந்தக் குறைபாட்டால் வரும் பெல்லக்ராவை நினையுங்கள்.

இதயத்தில் வலப்பக்க வால்வுகள்தான் தடித்துச் சுருங்கும். நுரையீரல் செரடோனினைச் சுத்தம் செய்துவிடுவதால் இடப்பக்கம் பெரும்பாலும் தப்பும். கால் வீங்கும்வரை காத்திருக்காமல், சிண்ட்ரோம் உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு எக்கோவும், இதயத்தின் சுமையைக் காட்டும் என்டி-ப்ரோபிஎன்பி ரத்தச் சோதனையும் செய்துகொள்ள வேண்டும். பெரிய ஆபரேஷனுக்குப் போகுமுன் எக்கோ கட்டாயம்.

மயக்க மருந்து, கட்டியைத் தொடுவது, ஊசி குத்திக் கல்லீரல் பயாப்ஸி எடுப்பது எல்லாமே ஒரேயடியாகச் சுரப்பைக் கிளப்பி ரத்த அழுத்தத்தைத் தலைகீழாக்கலாம். கார்சினாய்டு கிரைசிஸ் என்பது இதுதான். ஆக்ட்ரியோடைடு கைவசமில்லாத தியேட்டரில் இந்த நோயாளியைப் படுக்க வைக்கக் கூடாது. அட்ரினலின் வகை மருந்துகள் காந்தலைத் தூண்டக்கூடும் என்பதால், பல் பிடுங்கும்போது போடும் மரப்பு ஊசியில் அது கலந்திருக்கிறதா என்று பல் டாக்டரிடம் முன்பே கேளுங்கள். இழுப்புக்கு நெபுலைசர் வைக்கும் இடத்திலும் நோயின் பெயரைச் சொல்லிவிடுங்கள். கண்புரை, குடலிறக்கம் என்று கட்டிக்குச் சம்பந்தமே இல்லாத ஆபரேஷனாக இருந்தாலும், மயக்க மருந்து நிபுணரைச் சில நாள் முன்னதாகவே ரிப்போர்ட்டுகளோடு போய்ப் பார்த்துவிட வேண்டும்.