கவாத்து

கவாத்து என்பது, புதுத் தளிர் விடும்படியும் வடிவம் கெடாதபடியும் செடிகொடிகளை வெட்டிவிடுதல். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இது கவ்வாத்து என்று ஒலிக்கும். அரபு மொழியில் விதி என்னும் பொருளுடைய காயிதா என்ற சொல்லின் பன்மையான கவாயித், உருது வழியே படைப்பயிற்சியின் பெயராகத் தமிழுக்கு வந்தது. வரிசை குலையாத அணிக்கும் ஒரே மட்டத்தில் வெட்டிய தேயிலைக்கும் ஒழுங்கே பொது என்பதால், செடிக்கும் அச்சொல் பொருந்திற்று எனலாம். இலங்கைப் பாடநூல்கள் இதற்குக் கத்தரித்தல் என்ற நல்ல தமிழ்ச் சொல்லையே ஆள்கின்றன. ஆனால் துணியையும் தாளையும் கூடக் கத்தரிக்கிறோம். தளிர்க்க வைக்கும் நோக்கம் அதில் தெரிவதில்லை.

கொழும்பு மாடிவீடுகளில் பூச்சியுண்ணும் குடுவைச் செடியை வளர்ப்போருக்கு இவ்வேறுபாடு உதவும். சிங்களத்தில் பந்துரா எனப்படுவதும், தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் நெப்பந்தெஸ் டிஸ்டிலட்டோரியா எனப் பெயரிட்டதுமான இனம் இலங்கைக்கே உரியது. அதைக் காட்டிலிருந்து பிடுங்காமல், நாற்றுமேடையில் வளர்த்ததையே வாங்க வேண்டும். காய்ந்த குடுவையை நறுக்குவது கவாத்து ஆகாது, வெறும் துப்புரவே. குடுவை கருகினாலும் அதைத் தாங்கும் இலை பச்சையாக இருக்கும்வரை உணவு ஆக்குவதால், அதை விட்டுவைத்துக் குடுவையை மட்டும் நீக்க வேண்டும். கொடி நீண்டு, அடியில் இலையற்றுப் போகும்போது, ஒரு கணுவுக்குச் சற்று மேலே தூய கத்தியால் தண்டை வெட்டுவதே உண்மையான கவாத்து. அதன்பின் கீழ்க்கணுக்களிலிருந்தோ அடியிலிருந்தோ புதுக்கிளை எழும். வெட்டிய துண்டில் இரண்டு மூன்று கணுக்கள் இருந்தால் அதையும் நட்டுப் பார்க்கலாம்.

இதனோடு சேர்த்துப் பேசப்படும் சாடி மாற்றுதலை மீள்நடுகை என்று சொல்வதுண்டு. வீட்டு வழக்கான சாடி மாற்றுதலே எனக்குத் தெளிவாகப் படுகிறது. இச்செடியின் வேர்கள் கறுத்து மெலிந்தவை, எளிதில் முறிபவை. ஆகவே பழைய கலவையை உதறாமல், வேர்க்கட்டியோடு தூக்கிச் சற்றுப் பெரிய சாடியில் வைக்க வேண்டும். சத்துக் குறைந்த நிலத்துக்குப் பழகிய செடியாதலால் தோட்ட மண்ணும் எருவும் ஆகா. நீரைத் தேக்கும் ஸ்பாக்னம் பாசியும், பெர்லைட் என்னும் இலேசான எரிமலைக்கல் துகளும் கலந்தது ஏற்றது. நம்மூரில் மலிவான தென்னந்தும்பையும் சேர்க்கலாம். ஆனால் தும்பில் உப்புத் தங்கியிருக்கக் கூடுமாகையால், பலமுறை மழைநீரில் ஊறவைத்துப் பிழிந்த பின்னரே அதைச் சாடியில் இட வேண்டும்.